அக்ரிலிக் மை அல்ல: காகிதத்தில் பூ அச்சிடுவது பற்றி

“கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 50 தாம்பூலக் கவர்களை வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன். பூப்போட்ட கிளியர் ஸ்டாம்புகளும் சின்னச் சின்ன அக்ரிலிக் பெயின்ட் பாட்டில்களும் வாங்கினேன். அச்சு திட்டுத்திட்டாக விழுகிறது. கோடுகளெல்லாம் அடைத்துக்கொள்கின்றன. தாள் சுருண்டுபோகிறது. ஒவ்வொரு கவரிலும் எழும்பி நிற்கும் காகிதப் பூ ஒன்றையும் ஒட்ட ஆசை. 10 வயது மகளும் என்னோடு உட்காருகிறாள். எங்கே தவறு செய்கிறேன்?” இதுதான் உங்கள் கேள்வி.

ஸ்டாம்பிலும் குறையில்லை, பெயின்ட்டிலும் குறையில்லை. இரண்டையும் ஜோடி சேர்த்ததுதான் பிசகு. கிளியர் ஸ்டாம்ப் என்பது தெளிந்த கட்டை ஒன்றில் ஒட்டிப் பிடித்து அச்சிடும், ஒளி ஊடுருவும் மெத்தென்ற பிளாஸ்டிக் அச்சு. இதழின் நரம்புவரை கோடு கோடாக இருக்கும் அது, ஸ்டாம்ப் பேடில் ஊறிய மைக்காக உருவாக்கப்பட்டது. மை மெல்லியது, தாளில் பட்டதும் இழைக்குள் இறங்கிவிடும். அக்ரிலிக் அப்படி இறங்காது, மேலேயே உட்காரும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பள்ளங்களில் அது போய்த் தேங்கினால் கோட்டுக்கும் இடைவெளிக்கும் வித்தியாசம் போய்விடுகிறது. ஆகவே முதலில் ஒரு பங்கீடு செய்துகொள்ளுங்கள். மெல்லிய கோட்டுப் பூக்களுக்கு மை. நிரப்பிய இதழ்களாக, கனமான உருவமாக இருக்கும் பூக்களுக்கு அக்ரிலிக். உங்களிடம் இருக்கும் ஸ்டாம்புகளில் இலை, முழு இதழ், மொட்டு போன்றவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் அக்ரிலிக் அழகாகவே வரும். மற்றவற்றுக்கு ஒரு கருப்பு மை பேட் வாங்கிக்கொண்டால் போதும்.

அக்ரிலிக் காயும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்ற சிக்கல்களில் பாதி தானே விலகிவிடும். பாட்டிலுக்குள் இருப்பது நிறத்தூளும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துகள்களும் தண்ணீரில் மிதக்கும் கலவை. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அந்தத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து, ஒரே படலமாகிவிடுகின்றன. படலமானது மறுபடி தண்ணீரில் கரையாது. வாட்டர் கலரும் போஸ்டர் கலரும் காய்ந்த பிறகும் ஈரத் தூரிகை பட்டால் இளகும், இது இளகாது. ஓவியர்களின் கைக்கு இது வந்ததே அண்மையில்தான். தண்ணீர் கலந்து தீட்டக்கூடிய அக்ரிலிக் வண்ணம் 1955-இல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் கேமல், ஃபெவிக்ரில் பாட்டில்களாக அடுக்கியிருப்பவை அதே வழியில் வந்தவை.

காய்ந்தால் கரையாது என்பது பூ செய்கிறவர்களுக்குப் பெரிய வசதி. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தை அச்சிட்டால் அடியில் உள்ளது கலங்காது. வெட்டிய இதழை வளைத்தாலும் சுருட்டினாலும் படலம் கூடவே வளையும். போஸ்டர் கலரைப்போல் விரிசல் விட்டு உதிராது. எழும்பி நிற்கும் காகிதப் பூவுக்கு நான் அக்ரிலிக்கையே சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். அதே குணம் ஸ்டாம்பின் மேல் நடந்தால்தான் தொல்லை. தாளில் காய வேண்டியது ஸ்டாம்பிலேயே காய்ந்துவிட்டால் அடுத்த அச்சு திட்டுத்திட்டாகத்தான் விழும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேலை செய்தால் மெல்லிய பூச்சு ஓரிரு நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும். அச்சிடும் நேரம் மட்டும் விசிறியை நிறுத்துங்கள். புழுக்கம் தாங்கவில்லை என்றால் விசிறிக் காற்று மேசையில் படாத மூலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதம். பெரும்பாலோர் செய்வது, பெயின்ட் கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீரை ஊற்றுவது. தண்ணீர் கூடினால் பெயின்ட் ஸ்டாம்பில் நிற்காமல் முத்து முத்தாகத் திரளும், தாளில் பரவி ஓரம் கலங்கும், தாளும் சுருளும். இட்லி மாவுப் பதம் சரி, தோசை மாவுப் பதம் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் வரும் கைவினை அக்ரிலிக் பெரும்பாலும் அப்படியே சரியாக இருக்கும். எதுவும் சேர்க்க வேண்டாம். டியூபில் வரும் கெட்டி ரகமாக இருந்தால் ஈரத் தூரிகையால் ஒரு தடவை கலக்கினாலே போதும். காயும் நேரத்தைத் தள்ளிப்போட ரிடார்டர் என்று ஒரு திரவம் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. சில சொட்டுக்கு மேல் விடாதீர்கள். மிஞ்சினால் அச்சு நாள்கணக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது மிக முக்கியமான இடம்: பெயின்ட்டை ஸ்டாம்பில் ஏற்றுவது. இதில் குஜராத், ராஜஸ்தான் அச்சுத் தொழிலாளர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேர், பக்ரு ஊர்களில் மர அச்சால் துணியில் பூப்போடுகிறவர்கள் அச்சை நேரடியாகச் சாயத்தில் முக்குவதே இல்லை. சாயத் தட்டின் மேல் வலையும் துணி அடுக்கும் போட்டிருப்பார்கள். சாயம் அந்தத் துணி வழியாக ஊறி மேலே வரும். அச்சை அதில் ஒற்றி எடுப்பார்கள். முகப்பில் மட்டும், சீராக, தேவையான அளவு சாயம் ஏறும், பள்ளத்தில் இறங்காது. குஜராத்தின் பேத்தாபூரில் செதுக்கும் தேக்கு அச்சுகளில் மேலிருந்து கீழாகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். அழுத்தும்போது காற்று சிக்கிக்கொள்ளாமல் வெளியேறவும், மிகையான சாயம் ஒதுங்கவும் அவை. புது அச்சைப் பயன்படுத்துமுன் நாள்கணக்கில் எண்ணெயில் ஊறப்போடும் வழக்கமும் உண்டு. நம் வீட்டு ஸ்டாம்புக்கு எண்ணெய் வேண்டாம், ஆனால் அந்தத் துணித் தட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து ஒரு தட்டையான தட்டில் விரியுங்கள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்தது, சொட்டக் கூடாது. அதன் மேல் ஒரு ஸ்பூன் பெயின்ட்டை விட்டு ஸ்பூனின் முதுகால் தேய்த்துப் பரப்புங்கள். ஸ்டாம்பை இதில் இரண்டு மூன்று முறை மெதுவாக ஒற்றி எடுத்தால் முகப்பெங்கும் மெல்லிய பூச்சு நிற்கும். அடித்துணி ஈரமாக இருப்பதால் பெயின்ட்டும் சட்டென்று காயாது. இரண்டு நிறத்துக்கு இரண்டு தட்டு. சின்ன ஸ்டாம்புக்குத் தட்டுகூட வேண்டாம். மேக்கப் ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி, அதில் கொஞ்சம் பெயின்ட் எடுத்து, முதலில் ரஃப் தாளில் நாலு தட்டுத் தட்டி மிச்சத்தைக் கழித்துவிட்டுப் பிறகு ஸ்டாம்பில் ஒற்றுங்கள். தூரிகையால் பூசினால் தூரிகைக் கோடு அச்சில் தெரியும். ரப்பர் ரோலர் வைத்திருப்பவர்கள் கண்ணாடித் துண்டில் பெயின்ட்டை உருட்டலாம். பூச்சு சரியான அளவுக்கு மெலிந்ததும் ரோலரின் ஓசை மாறி மெல்லிய ‘சுர்’ என்ற சத்தம் கேட்கும். அச்சுக்கலைஞர்கள் கண்ணைவிட அந்தச் சத்தத்தைத்தான் நம்புவார்கள்.

புதிய கிளியர் ஸ்டாம்பின் முகத்தில் வழுவழுப்பான ஒரு படிவு இருக்கும். அதனால்தான் பெயின்ட் ஒட்டாமல் திரண்டு நிற்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் முகப்பை லேசாக ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். பளபளப்பு சற்று மங்கினால் பெயின்ட் பிடிக்கும். இதை ஒரே ஒருமுறை செய்தால் போதும்.

அச்சிடும் மேசை கெட்டியாக இருந்தாலும் தாளுக்கு அடியில் கொஞ்சம் மெத்தென்று ஏதாவது வேண்டும். துணியில் அச்சிடுகிறவர்கள் மேசைமேல் சாக்கும் துணியும் அடுக்கியிருப்பதும் இதற்காகத்தான். நாலைந்து செய்தித்தாள்களை மடித்துப் போட்டால் போதும். ஸ்டாம்பை நேராக இறக்கி, நடுவிலும் ஓரங்களிலும் விரலால் அழுத்தி, நேராகவே தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஓரத்தில் இரட்டைக் கோடு விழும். குழந்தைகள் சரியாகப் படியவேண்டுமே என்று அச்சை உருட்டி உருட்டி அழுத்துவார்கள். ஒரே அழுத்து, ஒரே தூக்கு என்று மகளுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஸ்டாம்பின் முதல் அச்சு பெரும்பாலும் சரியாக வராது. அதை ரஃப் தாளில் போட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு ஏழெட்டு அச்சுக்கும் ஒருமுறை ஸ்டாம்பை ஈரத்துணியில் ஒற்றித் துடைக்க வேண்டும். வேலை நின்றால், வாசலில் காலிங் பெல் அடித்தாலும் சரி, ஸ்டாம்பைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். முடிந்ததும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும். காய்ந்தே போய்விட்டால், ரப்பர் அச்சிலும் மர அச்சிலும் ஆல்கஹால் கலந்த ஹேண்ட் சானிடைசரைத் தடவிச் சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் அக்ரிலிக் இளகி வரும். கிளியர் ஸ்டாம்பில் அதைச் செய்யாதீர்கள். அதன் பிளாஸ்டிக் ஊதிப்போகலாம், ஒட்டும் தன்மையும் போய்விடும். அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, செலோ டேப் ஒட்டி உரிப்பதுதான் வழி. ஸ்டாம்பை ஒட்டிப் பிடிக்கும் அந்தத் தெளிந்த கட்டையின் பக்கம் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டே போகாதீர்கள். கட்டையும் அக்ரிலிக்தான், அசிட்டோன் பட்டால் வெளுத்து நொறுங்கத் தொடங்கும்.

இனி அச்சு வாங்குவதைப் பற்றி. உண்மையைச் சொன்னால், 50 கவர்களுக்குக் கடை ஸ்டாம்பே தேவையில்லை. நம் வீட்டுக் காய்கறிக் கூடையில் இருக்கும் வெண்டைக்காயைப்போல அக்ரிலிக்குக்கு ஏற்ற பூ அச்சு வேறில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்து பார்த்ததுதான், ஆனால் பெரும்பாலோர் அவசரத்தில் கெடுத்துவிடுவார்கள். பிஞ்சு வேண்டாம், முற்றிய காய் எடுங்கள். சமையலுக்குக் கழித்துப்போடும் காய்தான் இதற்கு உத்தமம். பிஞ்சு அழுத்தினால் நசுங்கும். காம்புப் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு, கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் முகம் மேடுபள்ளமாகும். வெட்டுமுகத்தைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். கொழகொழப்பு தாளில் இறங்க வேண்டும், அது இருக்கும்வரை பெயின்ட் ஒட்டாது. காம்பே கைப்பிடி.

வெட்டுமுகத்தைக் கவனித்துப் பாருங்கள். ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விதைக்குழி, நடுவில் சின்னப் புள்ளி. வெண்டையும் செம்பருத்தியும் பருத்தியும் பூவரசும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஐந்து என்பது முத்திரை எண். வெண்டைப் பூவே வெளிர்மஞ்சளில் ஐந்து இதழும் உள்ளே கருஞ்சிவப்புமாக இருக்கும். ஆகவே வெண்டைக்காய் அச்சில் மஞ்சள் ஏற்றி, காய்ந்ததும் நடுவில் பென்சில் முனை ரப்பரால் கருஞ்சிவப்புப் புள்ளி வைத்தால், காய் தன் சொந்தப் பூவையே அச்சிட்டதாகிவிடும். என் கண்ணுக்கு அந்த நிறச் சேர்க்கை கடையில் விற்கும் ரோஜா அச்சுகளைவிட எத்தனையோ மேல்.

வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூட்டுக் கட்டங்கள் நிறைந்த பிறைவடிவம் கிடைக்கும். ஐந்தாறு பிறைகளை வட்டமாக அடுக்கி அச்சிட்டால் விரிந்த தாமரைபோல இருக்கும். சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி அச்சிட்டால் வளைய வளையமாக வரும். சாமந்தியின் நடுவுக்கு அது பொருந்தும். அச்சிட்ட காய்களைக் குப்பைக்கோ உரக்குழிக்கோ அனுப்புங்கள். கழுவினாலும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

காயைவிட நீடித்த அச்சு வேண்டுமென்றால் ஃபோம் ஷீட். கடையில் பல நிறத்தில் விற்கும் மெத்தென்ற ஷீட்டைக் கத்தரிக்கோலால் இதழாக வெட்டி, பழைய பாட்டில் மூடியிலோ மரத்துண்டிலோ நன்றாகப் பிடிக்கும் பசையால் ஒட்டிவிட்டால் அச்சு தயார். ஒட்டுமுன் மொக்கைப் பென்சிலால் அழுத்தி நரம்பு வரையுங்கள். வரைந்த கோடு பள்ளமாகி, அச்சில் வெள்ளைக் கோடாக விழும். ஃபோமின் மேல்முகம் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும் சுபாவமுள்ளது. அக்ரிலிக்குக்கு கிளியர் ஸ்டாம்பைவிட இதுவே தோது. மகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். ஒரே ஒரு இதழ் அச்சைச் செய்து, அதையே திருப்பித் திருப்பி வைத்து ஐந்திதழ், ஆறிதழ் பூக்களைக் கட்டுவது முழுப்பூ அச்சை விடச் சுவாரசியமான விளையாட்டு.

எந்தப் பூ என்று கேட்டால், முதலில் பவழமல்லி செய்யுங்கள். பழுப்புக் கிராஃப்ட் தாள் கவரில் வெள்ளை இதழும் ஆரஞ்சுப் புள்ளியும் தெரிவதைப்போல வேறு எதுவும் தெரியாது. அதன் இதழ்கள் ஐந்திலிருந்து எட்டுவரை இருக்கும். எண்ணிக்கை தவறினாலும் யாரும் குறை சொல்ல முடியாது. இதழ்கள் விசிறியைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை மட்டும் கவனித்தால் போதும். உதிர்ந்து கிடப்பவை என்பதால் நேராக வரிசையாக வைக்காமல் ஒன்று கவிழ்ந்தும், ஒன்று பாதி மறைந்தும் இருக்கட்டும். கவிழ்ந்த பூவுக்கு ஆரஞ்சுக் காம்பு ஒரு சின்னக் கோடு.

நிறங்களில் சில விஷயங்கள். ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக் சற்று வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி கருக்கும். ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். மஞ்சளும் பெரும்பாலான சிவப்புகளும் அடியை முழுதாக மறைக்காது. பழுப்புத் தாளிலோ கருப்புத் தாளிலோ அவை மங்கிவிடும். முதலில் வெள்ளையை அச்சிட்டு, காய்ந்த பிறகு அதே இடத்தில் மஞ்சளை வையுங்கள். இரண்டாவது அச்சு நூலிழை விலகி விழுந்தாலும் பரவாயில்லை, வெள்ளை ஓரம் இதழுக்கு வெளிச்சம் கொடுக்கும். பாட்டில் பச்சை அப்படியே இலைக்குப் போட்டால் பிளாஸ்டிக் இலைதான் கிடைக்கும். துளி சிவப்புக் கலந்து அதன் பகட்டைக் குறையுங்கள். செம்பருத்திக்கு ஒரே அச்சில் இரு நிறம் ஏற்றலாம்: முழு இதழுக்கும் சிவப்பை ஒற்றி, இதழின் அடியில் மட்டும் கருஞ்சிவப்பை ஒற்றினால் எல்லைக்கோடு தெரியாமல் கலந்து விழும்.

இருண்ட பின்னணியைப் பற்றிச் சொல்லும்போது மேரி டெலானியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1700-இல் பிறந்த இந்த ஆங்கிலேயப் பெண்மணி, 70 வயதைக் கடந்த பிறகுதான் காகிதம் வெட்டிப் பூச்செய்யத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டில் ஆயிரத்துக்குச் சற்றே குறைவான பூக்கள். கருப்புப் பின்னணியில், நிறத்தாள்களை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, தாவரவியல் அறிஞர்களே மெச்சும் அளவுக்குச் செய்திருக்கிறார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு இதழுக்குள்ளேயே நாலைந்து சாயல் தாள்கள் இருக்கும். இதழை எழுப்பிக் காட்டுவது அந்தச் சாயல் அடுக்குகள்தான். உங்கள் எழும்பிய பூவுக்கும் அதுதான் சூத்திரம். ஒரே சிவப்பில் மூன்று அடுக்கு செய்யாதீர்கள். அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் சிவப்பு, மேலே துளி வெள்ளை கலந்த சிவப்பு என்று வையுங்கள்.

தாள் சுருள்வதற்கு வருகிறேன். காகிதத்தின் இழைகள் ஈரம் பட்டால் நீளத்தில் அதிகம் நீளாது, குறுக்கில் பருக்கும். ஆலையில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரமான பெயின்ட் பூசினால் அந்தப் பக்கம் முதலில் விரிகிறது. பிறகு படலம் காய்ந்து சுருங்கும்போது தாளை உள்பக்கமாக இழுக்கிறது. இழைத் திசை உண்டா என்று சந்தேகமிருந்தால் செய்தித்தாளை மேலிருந்து கீழாக ஒருமுறையும் பக்கவாட்டில் ஒருமுறையும் கிழித்துப் பாருங்கள். ஒன்று கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும், மற்றது கோணல்மாணலாக ஓடும். நேராகக் கிழிவதுதான் இழைத் திசை.

ஆகவே 75, 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) ஜெராக்ஸ் தாள் இதற்கு ஆகாது. இதழ் வெட்டி வளைக்க 120 முதல் 160 வரை, வாழ்த்து அட்டைக்கும் அடித்தளத்துக்கும் 250-க்கு மேல். பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம், அச்சு வழுக்கும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் கிடைத்தால் வாங்குங்கள். பருத்தித் துணிக்கூழில் செய்யும் கைத்தாளில் இழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் சுருளும் குணம் குறைவு. ஓரத்தைக் கிழித்தே இதழாக்கினாலும் அழகு. ஆனால் முகம் சொரசொரப்பாக இருக்கும், அதில் கோட்டு ஸ்டாம்ப் எடுபடாது. ஏற்கெனவே சுருண்ட தாளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பின்பக்கம் ஈர ஸ்பாஞ்சால் லேசாக ஒற்றி, பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, தடித்த புத்தகங்களை ஏற்றி ஓரிரவு விடுங்கள், நிமிர்ந்துவிடும்.

எழும்பும் பூவுக்கு, அச்சிட்டு அன்றைக்கே வெட்டி வளைக்காதீர்கள். தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே படலம் இன்னும் இளசு. விரல் ரேகை பதியும். மறுநாள் வெட்டுங்கள். அச்சின் ஓரத்தை ஒட்டியே வெட்ட முயன்றால் நடுங்கிய கோடு காட்டிக்கொடுத்துவிடும். அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டினால் வெள்ளை ஓரமே தெரியாது. கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும்.

வெட்டிய பூவை மடித்த துண்டின் மேல் கவிழ்த்து, ஸ்பூனின் முதுகால் ஒவ்வொரு இதழையும் வட்டமாகத் தேய்த்தால் கிண்ணம்போல் குழியும். இதழ் நுனியை வெளிப்பக்கம் சுருட்டப் பின்னல் ஊசி அல்லது பென்சில். நடு நரம்பு வேண்டுமென்றால் இதழை நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். மடிப்பு இழைத் திசையிலேயே போனால் சுத்தமாக விழும், குறுக்கே போனால் விரிசல் தெரியும். அக்ரிலிக் சூட்டில் இளகி ஆறினால் இறுகும் பொருள் என்பதால், ஹேர் டிரையரில் சில நொடி காட்டிவிட்டு வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் வடிவம் நன்றாக நிற்கும்.

அடுக்கும்போது ஃபெவிகாலை நடுவில் மட்டும் ஒரு பொட்டு. இதழின் அடிமுழுக்கத் தடவினால் பூ தட்டையாகப் படுத்துவிடும். அடுத்த அடுக்கின் இதழ் முந்தைய அடுக்கின் இரண்டு இதழ்களுக்கு இடையில் வர வேண்டும். செம்பருத்தியின் நடுத்தண்டுக்கு, ஒரு சென்டிமீட்டர் அகலத் தாளில் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னதாக நறுக்கி, இறுக்கச் சுருட்டி ஒட்டி, நுனிகளில் மஞ்சள் தொட்டுவையுங்கள். மகரந்தத்துக்கு மஞ்சள் தோய்த்த ரவையை ஒட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், எறும்புக்கும் அப்படியே தோன்றும். சலித்த மணல் பாதுகாப்பு.

மகளுக்குக் கொடுப்பது நச்சற்றது என்று அச்சிட்ட மாணவர் ரகமாக இருக்கட்டும். தொழில்முறை ஓவியர் ரகங்கள் சிலவற்றில் காட்மியம் போன்ற நிறமிகள் இருக்கும். பாவாடையில் பட்டால் அந்த நிமிடமே தண்ணீரும் சோப்பும். காய்ந்துவிட்டால் துணி போனது போனதுதான். பெயின்ட் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல் முதலில் பழைய தாளால் வழித்து எடுங்கள். கவரில் வெற்றிலையும் மஞ்சளும் வைப்பதால் அச்சு வெளிப்பக்கம் மட்டும் இருப்பது நல்லது.

50 கவரை ஒவ்வொன்றாக முழுசாக முடிக்க முயலாதீர்கள். முதல் நாள் 50-இலும் வெள்ளை மட்டும். அது காய்ந்த பிறகு இலை, பிறகு ஆரஞ்சு நடு. இப்படிப் போனால் ஒரு நேரத்தில் ஒரு பெயின்ட் தட்டு, ஒரு அச்சு. கழுவும் வேலை மூன்றில் ஒரு பங்காகிவிடும். மறுநாள் எழும்பு பூக்களை வெட்டலாம். கவரை ஒட்டி முடித்துவிட்டு அச்சிடுவதைவிட, விரித்த தாளில் அச்சிட்டுவிட்டுக் கவராக மடிப்பது எளிது. மடிப்புக் கோட்டின் மேல் பெயின்ட் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்குப் பென்சிலால் லேசாகக் கோடிட்டு வையுங்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. அக்ரிலிக் படலம் முழுதாகக் காய்ந்த பிறகும் வெயில் காலத்தில் இன்னொரு அக்ரிலிக் படலத்தோடு அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். துணிக்கென்று விற்கும் ஃபேப்ரிக் அக்ரிலிக்கில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் துணி மடங்குவதற்காக அதன் படலத்தை மென்மையாகவே வைத்திருப்பார்கள். உங்கள் பாட்டில்களில் எது அந்த ரகம் என்று லேபிளைப் பாருங்கள். புரட்டாசி வெயிலில் 50 கவர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அலமாரியில் வைத்தால், எடுக்கும்போது ஒரு கவரின் பூ அடுத்த கவரின் முதுகோடு உரிந்து வரும். ஒவ்வொரு கவருக்கும் இடையே பட்டர் பேப்பர் ஒன்று வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, அதோடும் ஒட்டும். எழும்பு பூக்களைத் தனி அட்டைப்பெட்டியில் வைத்திருந்து, கொலு வைக்கும் அன்று காலையில் கவரில் ஒட்டினால் நசுங்காது.